அத்தியாயம் 6: பழைய பதிப்பும் பிந்தைய பதிப்பும் – பெரிய காலிபர் ரிவால்வர்களில் எதைப் பார்ப்பது

1960களில் செய்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 29 ஒன்றையும், 2005க்குப் பிறகு செய்த அதே மாடலையும் அருகருகே வைத்தால், சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். அதே கனமான 'என்' சட்டகம், அதே ஆறு அறை சிலிண்டர், அதே .44 மேக்னம் தோட்டா. கையில் எடுத்ததும் நிலைமை மாறிவிடும். பழையதன் நீலத்தில் முகம் தெரியும். சிலிண்டர் மூடும்போது எழும் ஒலியே தனி. புதியதில் இடப்பக்கத்தில், சிலிண்டரைத் திறக்கும் தாழுக்கு மேலே, சிறிய சாவித்துளை ஒன்று இருக்கும். விலை கேட்டால் நல்ல நிலையில் உள்ள பழையதுதான் பெரும்பாலும் அதிகம்.

'பழையதுதான் உண்மையான துப்பாக்கி' என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். 'புதிய எஃகு, புதிய இயந்திரம், ஆகவே புதியதே மேல்' என்பார்கள் தினமும் சுடுகிறவர்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் வாங்குபவருக்கோ, கையில் இருப்பதை மதிப்பிடுபவருக்கோ இந்த வாதம் உதவாது. ரிவால்வரில் தொழிற்சாலை செய்த எந்த மாற்றத்தைக் கண்டாலும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இது செலவைக் குறைக்க வந்ததா, ஏதோ ஒன்று உடைந்ததால் வந்ததா, விபத்துக்கும் வழக்குக்கும் பதிலாக வந்ததா? செலவுக்காக வந்த மாற்றம் அழகைக் குறைத்திருக்கலாம், பலத்தைத் தொடாமல் விட்டிருக்கலாம். உடைவுக்காக வந்ததைச் சுடுகிறவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். விபத்துக்காக வந்தது உயிரோடு தொடர்புடையது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்வியோடுதான் நடக்கப்போகிறோம்.

எண்ணைப் படிப்பது

மாடல் 29க்குத் தொடக்கத்தில் எண் கிடையாது. ஐடஹோ மாநிலத்தின் பண்ணைக்காரரும் எழுத்தாளருமான எல்மர் கீத், .44 ஸ்பெஷல் தோட்டாவில் வழக்கத்தைவிட அதிக மருந்து நிரப்பிப் பல ஆண்டுகள் சுட்டு, அதன் பலத்தைப் பற்றி விடாமல் எழுதிவந்தார். அதன் விளைவாக ரெமிங்டன் நிறுவனம் தோட்டாவையும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கியையும் உருவாக்கின. 1955 டிசம்பரில் முதல் துப்பாக்கி முடிந்தது, 1956இல் விற்பனைக்கு வந்தது. அப்போது அதன் பெயர் வெறும் '.44 மேக்னம்'. 1957இல் நிறுவனம் எல்லா வகைகளுக்கும் எண் கொடுத்தபோதுதான் அது 29 ஆயிற்று.

அந்த எண்ணைக் காண, முதலில் சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளையும் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டா ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகே அடுத்த வேலை. சிலிண்டரைத் தாங்கி வெளியே வரும் கைக்கு 'யோக்' என்று பெயர். அது மூடி உட்காரும் சட்டகப் பள்ளத்தில் 'எம்ஓடி 29' என்றோ, '29-2', '29-3' என்றோ பொறித்திருக்கும். கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் பதிப்பு. தொழிற்சாலை ஒரு பெரிய பொறியியல் மாற்றம் செய்யும்போதெல்லாம் அந்த எண் ஏறும். எண்ணே இல்லாமல் வெற்றிடமாக இருந்தால் 1957க்கு முந்தியதாக இருக்கலாம். அப்போது திருகுகளை எண்ணுங்கள். விசைக்காப்பின் முன்பக்கத்தில் ஒன்று, வலப்பக்கத் தகட்டில் நான்கு (அவற்றில் ஒன்று கைப்பிடி மரத்துக்கு அடியில் மறைந்திருக்கும்) என ஐந்து இருந்தால் அது முதல் தொகுதியைச் சேர்ந்தது. தகட்டின் மேல்மூலைத் திருகு சீக்கிரமே நீக்கப்பட்டது. விசைக்காப்புத் திருகு 1961 வாக்கில் 29-2 பதிப்போடு மறைந்தது. இரண்டுமே செலவுக் கணக்கு. சுடுகிறவருக்கு ஐந்து திருகும் மூன்று திருகும் ஒன்றே, சேகரிப்பவருக்கோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

இடையில் வந்த 29-1 எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஆனால் அது சொல்லும் காரணம் முக்கியமானது. வெற்றுறைகளைத் தள்ளி வெளியேற்றும் கம்பி அதுவரை வழக்கமான வலப்புரித் திருகாக இருந்தது. சுடும்போது ஏற்படும் அதிர்வில் அது மெல்லக் கழன்று நீண்டுவிடும், அதன் முனை முன்தாழில் சிக்கி, சிலிண்டரைத் திறக்கவே முடியாமல் போகும். 1960இல் அதை இடப்புரியாக மாற்றினார்கள். அதன்பின் சிலிண்டர் சுழலச் சுழலக் கம்பி இறுகத்தான் செய்யும். உங்கள் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரியாமல் இந்தக் கம்பியைக் குறடால் பிடித்துத் திருகாதீர்கள். இறுக்குவதாக நினைத்துக் கழற்றுவீர்கள், அல்லது புரியையே சிதைத்துவிடுவீர்கள்.

1982: பின்னும் குழிவும்

மாடல் 29 பற்றிய பேச்சில் அதிகம் அடிபடும் எல்லைக்கோடு 1982தான். அதற்கு முந்தியவற்றில் இரண்டு அடையாளங்கள் உண்டு. குழல் சட்டகத்துக்குள் நுழையும் இடத்துக்கு மேலே, குறுக்காக ஒரு சிறு பின் அடித்திருக்கும். சிலிண்டரின் பின்பக்கத்தில் ஒவ்வொரு அறையின் வாயும் வட்டமாகக் குடைந்திருக்கும். தோட்டாவின் விளிம்பு அந்தக் குழிவுக்குள் முழுவதும் அமிழ்ந்துவிடும். 29-3 பதிப்பில் இரண்டும் போயின.

குழிவு ஏன் வந்தது என்று பார்த்தால் அது போனதற்காக இத்தனை வருந்த வேண்டுமா என்பது தெளிவாகும். 1935இல் .357 மேக்னம் வந்தபோது பித்தளை உறைகளின் அடிப்பகுதி இன்றைக்குப் போல உறுதியாக இல்லை. அடி பிளந்தால் தீப்பொறி பின்னோக்கிப் பாயும், அந்த ஆபத்துக்குக் கூடுதல் காப்பாகவே விளிம்பை எஃகு சூழ்ந்திருந்தது. அடிப்பகுதி திடமான உறைகள் பொதுவான பிறகு அந்தக் காப்புக்குத் தேவை இல்லாமல் போயிற்று. குழிவுக்குச் சங்கடமும் உண்டு: எரியாத மருந்துத் துகள் அதில் சேர்ந்தால் தோட்டா முழுவதும் உள்ளே இறங்காது, சிலிண்டர் சுழலும்போது உரசும். பழையது வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறை சுட்டபின்னும் அந்த ஆறு வளையங்களைத் தூரிகையால் துடைக்க வேண்டும்.

பின்னின் கதையும் இதுதான். குழல் திரும்பிவிடாமல் பிடிக்க அது இருந்தது. பிறகு புரியையே இறுக்கமாகச் செய்து பின்னை விட்டுவிட்டார்கள். பின் இல்லாததால் குழல் கழன்று விழுந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பேங்கர் புன்ட்டா என்ற நிறுவனக் குழுமத்தின் கையில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இருந்த காலம் அது. இயந்திர வேலையைச் சுருக்கிச் செலவைக் குறைப்பதே நோக்கம்.

ஆனாலும் பழைய மாடல் 29ஐ ஒருவர் ஆசையோடு தேடினால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மெருகு, விளிம்புகளின் கூர்மை, ஒவ்வொரு பாகத்தையும் ஒரு தொழிலாளி கையால் அரத்தால் ராவிப் பொருத்திய நயம், இவை 29-2 காலத்தின் நல்ல துப்பாக்கிகளில் கண்கூடு. அந்த வேலைப்பாட்டுக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. 'பின்னும் குழிவும் இருப்பதால் பலம் அதிகம்' என்று சொல்லி விற்கும்போதுதான் தவறு நேர்கிறது.

29-2வின் விலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1971இல் வெளியான 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் ஆறரை அங்குலக் குழலோடு இது தோன்றியது. அதன்பின் அமெரிக்கக் கடைகளில் பல ஆண்டுகள் இதற்குத் தட்டுப்பாடு. ஆறரை அங்குலக் குழல் 1970களின் இறுதியில் ஆறு அங்குலமாகக் குறைக்கப்பட்டது. ஆகவே குழலை அளந்து பாருங்கள். அந்த அரை அங்குலத்துக்கு இன்றும் தனி விலை.

உடைவு தந்த பாடம்

இனிச் சொல்வதைச் சுடுகிறவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் எஃகுத் தகட்டு விலங்குருவங்களைச் சுட்டு வீழ்த்தும் போட்டி பரவியது. 200 மீட்டரில் நிற்கும் செம்மறிக்கடா உருவத்தைச் சாய்க்கப் பலமான தோட்டா வேண்டும். போட்டியாளர்கள் முழு அழுத்தத் தோட்டாக்களை ஆயிரக்கணக்கில் சுட்டார்கள், பலர் 240 கிரெய்னைத் தாண்டிக் கனமான குண்டுகளுக்கும் போனார்கள். அவ்வப்போது சில தோட்டா சுடும் வேட்டைக்காரரை மனதில் வைத்துச் செய்த துப்பாக்கி அதைத் தாங்கவில்லை. பின்னுதைப்பில் சிலிண்டர் தடை அதன் பள்ளத்திலிருந்து எகிறி, சிலிண்டர் பின்னோக்கிச் சுழன்றுவிடும். அடுத்து விசையை அழுத்தினால் ஏற்கெனவே சுட்ட உறைமீதே சுத்தியல் விழும். யோக்கில் ஆட்டம், பாகங்களில் தேய்மானம் எல்லாம் வேகமாக வந்தன.

இதற்கு நிறுவனம் அளித்த பதில் 1980களின் இறுதியிலும் 1990இலும் வந்த 29-4, 29-5 பதிப்புகளில் இருக்கிறது. சிலிண்டரின் வெளிப்புறத்தில் உள்ள தடைப் பள்ளங்களை நீளமாக்கினார்கள். யோக்கின் பிடிப்பை மேம்படுத்தினார்கள். உள்ளே பாகங்கள் சுழலும் குமிழ்களின் அடியை வளைவாக்கி, அங்கே விரிசல் விழாமல் செய்தார்கள். பள்ளத்தின் நீளம் வெளியிலிருந்தே தெரியும். பழையதையும் புதியதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நொடியில் புரிந்துகொள்வீர்கள். வாரந்தோறும் முழு பலத் தோட்டா சுடப்போகிறவர் 29-5ஐயோ அதற்குப் பிந்தியதையோ வாங்கட்டும். 29-2 வைத்திருப்பவர் .44 ஸ்பெஷலோ மிதமான மேக்னமோ சுட்டு அதைப் பேரனுக்குக் கொடுக்கலாம்.

ஊசி, சுத்தியல், சாவி

1990களின் கடைசியில் இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வந்தன. அதுவரை சுத்தியலின் மூக்கிலேயே இருந்த அடி ஊசி, சட்டகத்துக்குள் குடியேறியது. சுத்தியலும் விசையும் உலோகத்தூளைப் பசையோடு அச்சில் அழுத்தி, உலையில் சுட்டுச் செய்யும் முறைக்கு மாறின. விசையின் பின்புறம் குடைவாக இருந்தால் அது அச்சு விசை என்று அறியலாம். இதைக் கண்டதும் முகம் சுளிப்பவர்கள் அதிகம். என் கணிப்பில் இது மிகை. அச்சில் வரும் பாகங்கள் அளவில் ஒன்றுபோல் இருப்பதால், புதிய துப்பாக்கிகள் பெட்டியிலிருந்து எடுத்ததுமே ஓரளவு நல்ல விசையோடு வருகின்றன. பழையவற்றில் சிறந்தது மிகச் சிறந்தது, மோசமானதும் உண்டு.

சாவித்துளை 2001 முதல் வந்தது. 2000 மார்ச்சில் அன்றைய உரிமையாளரான டாம்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம், கிளின்டன் அரசோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. வாங்குபவர்கள் கொதித்துப் புறக்கணித்தார்கள், விற்பனை சரிந்தது. 2001இல் நிறுவனத்தை வாங்கிய சேஃப்-டி-ஹேமர் பூட்டுத் தயாரிக்கும் நிறுவனம்தான். எனவே இந்தப் பூட்டின் மீதுள்ள வெறுப்பில் அரசியல் பாதி கலந்திருக்கிறது. சுடும்போது பூட்டு தானே விழுந்துவிட்டதாக வந்த புகார்கள் பெரும்பாலும், எடை குறைந்த சட்டகமும் பலத்த தோட்டாவும் சேர்ந்த துப்பாக்கிகளைப் பற்றியவை. கனத்த எஃகு 29இல் இதற்காக அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை.

ருகர்: மூன்று திருகா, இரண்டு பின்னா

ருகர் பிளாக்ஹாக்கில் பழையது, புதியது என்ற வேறுபாடு உயிரைத் தொடுவது. 1956இல் .44 மேக்னத்திலும், 1959இல் 'சூப்பர் பிளாக்ஹாக்' என்ற பெயரிலும் வந்த இந்த ஒற்றை இயக்க ரிவால்வர், பழைய கோல்ட்டின் உள்ளமைப்பையே பின்பற்றியது. சுத்தியல் கீழே இருக்கும்போது அதன் அழுத்தம் அடி ஊசி வழியாகத் தோட்டாவின் பிரைமரை எட்டக்கூடும். ஆறும் நிரப்பிய நிலையில் கீழே விழுந்து சுத்தியல் தரையில் பட்டால் வெடிக்கும். ஆகவே ஐந்து தோட்டா மட்டும் போட்டு, சுத்தியலுக்கு நேராக வெற்று அறையை வைப்பதே அக்காலத்து முறை.

அதை எல்லாரும் பின்பற்றவில்லை. விபத்துகள் நடந்தன, வழக்குகள் வந்தன. 1973இல் 'நியூ மாடல்' வந்தது. விசையை முழுதாகப் பின்னிழுத்தால் மட்டுமே ஒரு எஃகுத் தகடு மேலெழுந்து, சுத்தியலின் அடியை ஊசிக்குக் கடத்தும். விசையை விட்டால் தகடு இறங்கிவிடும், சுத்தியலுக்கும் ஊசிக்கும் தொடர்பே இருக்காது. ஆறு தோட்டாவும் போடலாம். அடையாளம் எளிது: சட்டகத்தின் பக்கவாட்டில் மூன்று திருகுகள் இருந்தால் பழையது, இரண்டு பின்கள் இருந்தால் புதியது. சுத்தியலை அரைவாசி இழுத்துத்தான் பழையதில் தோட்டா நிரப்ப முடியும். புதியதில் பக்கக் கதவைத் திறந்தாலே சிலிண்டர் சுழலும்.

பழைய மூன்று திருகு வகைக்கு ருகர் நிறுவனம் இலவசமாகவே கடத்துதகடு பொருத்தித் தருகிறது, கழற்றிய பழைய பாகங்களையும் துப்பாக்கியோடு திருப்பி அனுப்புகிறது. சேகரிப்பாளர்கள் மாற்றாத துப்பாக்கிக்கே அதிக விலை தருவார்கள் என்பதால் பலர் தயங்குகிறார்கள். பெட்டியில் வைத்துப் பார்க்க மட்டும் என்றால் விட்டுவிடுங்கள். இடுப்பில் அணிந்து காட்டுக்குப் போவதானால் தயங்காமல் அனுப்புங்கள். மாற்றிய பழையதை வாங்கும்போது அந்தச் சிறு பாகப் பொட்டலம் கூடவே இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனிலும் இதே போன்ற ஒரு கதை முன்பே நடந்தது. 1944இல் கப்பல்தளத்தில் விழுந்த ரிவால்வர் வெடித்து ஒரு மாலுமி இறந்தார். அதன்பின் சுத்தியலைத் தடுக்கும் புதிய தகடு பொருத்தினார்கள். போருக்குப் பிந்திய பெரிய சட்டக ரிவால்வர்களின் வரிசை எண் முன்னால் வரும் 'எஸ்' எழுத்து அந்த மாற்றத்தின் முத்திரை. 1917 ராணுவ மாடல் போன்ற போருக்கு முந்தியவற்றில் அது இல்லை. அவற்றையும் ஐந்து தோட்டாவோடுதான் கையாள வேண்டும்.

கோல்ட், வெப்லி: தோட்டா பொருந்தினால் போதாது

1873இன் கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மியை மூன்று தலைமுறையாகப் பிரிப்பார்கள்: இரண்டாம் உலகப்போர் தொடங்கும் காலம் வரை செய்தவை, 1956 முதல் 1974 வரை செய்தவை, 1976 முதல் செய்தவை. இரண்டாம் தலைமுறையின் வரிசை எண்ணுக்குப் பின்னால் 'எஸ்ஏ' என்று இருக்கும். மூன்றாம் தலைமுறையில் குழலின் புரி அளவு உட்படச் சில பாகங்கள் மாறியதால், பழையதன் உதிரியைப் புதியதற்கு அப்படியே போட முடியாது.

முதல் தலைமுறைக்குள்ளேயே ஒரு கோடு இருக்கிறது, அதைக் கடக்கவே கூடாது. சிலிண்டரின் அச்சுக்கம்பியைச் சட்டகத்தின் முன்புறத்தில் சாய்ந்த திருகு ஒன்று பிடித்திருந்தால் அது கரும்மருந்துக் காலச் சட்டகம். குறுக்கே அழுத்தும் ஸ்பிரிங் தாழ் பிறகு வந்தது. புகையற்ற மருந்துக்கு கோல்ட் நிறுவனம் உத்தரவாதம் அளித்தது 1900 முதல்தான். அதற்கு முந்தியதில் இன்றைய தோட்டா எதையும் சுடாதீர்கள். .45 கோல்ட் தோட்டாவின் இன்றைய அமெரிக்கத் தர வரம்பே சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டுதான். 'ருகருக்கு மட்டும்' என்று விற்கும் அதே அளவுத் தோட்டா 30,000 வரை போகும். இரண்டும் எந்த .45 கோல்ட் சிலிண்டருக்குள்ளும் வழுக்கிக்கொண்டு இறங்கும். பழைய கோல்ட் அதில் சிதறும்.

வெப்லியிலும் இதே வலை. 1915இன் மார்க் 6 உள்ளிட்ட .455 வெப்லிகள் பிரிட்டிஷ் இந்தியப் படை அதிகாரிகளின் இடுப்பிலும் தொங்கியவை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவுக்குப் போனவற்றில் பலவற்றின் சிலிண்டர் பின்புறத்தைச் சீவி, .45 ஏசிபி தோட்டாவை அரைநிலாக் கிளிப்பில் போடும்படி மாற்றினார்கள். .45 ஏசிபியின் வரம்பு 21,000 பவுண்டு, வெப்லியின் சொந்தத் தோட்டா அதைவிட மிகக் குறைந்த அழுத்தத்துக்கானது. பின்னால் உள்ள எண்கள் பாதி வெட்டுண்டிருந்தாலோ, தோட்டா விளிம்புக்கும் பின்தட்டுக்கும் இடையே அதிக இடைவெளி தெரிந்தாலோ அது சீவியது. கடைத்தோட்டா போடாதீர்கள்.

கையில் எடுத்துச் சோதிப்பது

எந்தப் பதிப்பானாலும் நிலைமைதான் கடைசித் தீர்ப்பு. காலி என்று உறுதிசெய்து, சுத்தியலை மெதுவாகப் பின்னிழுங்கள். சுத்தியல் பின்னால் நின்று பிடிக்கும் முன்பே சிலிண்டர் 'க்ளிக்' என்று பூட்ட வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஏதோ ஒன்றில் மட்டும் பிந்தினால் அதைச் சரிசெய்யும் செலவை விலையில் கழியுங்கள். சிலிண்டரை முன்னும் பின்னுமாகத் தள்ளிப் பாருங்கள், ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் அதிகம் சுட்ட துப்பாக்கி. குழலுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளந்தால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 10 பங்குக்குள் இருக்க வேண்டும். மேல்பட்டையின் அடியில், இடைவெளிக்கு நேரே, தீ அரித்த கோடு கொஞ்சம் இருக்கும். ஆழமாக இருந்தால் யோசியுங்கள்.

மறுபூச்சைக் கண்டுபிடிக்க ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் நல்ல வழி ஒன்று உண்டு. தொழிற்சாலை, நீலப்பூச்சுத் துப்பாக்கியிலும் சுத்தியலையும் விசையையும் நீலமாக்கவில்லை. அவற்றின் மேல் வெப்பத்தில் படிந்த பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம்தான் இருக்கும். அவை பளபளக்கும் நீலமாக இருந்தால் யாரோ மொத்தமாகப் பூச்சு மாற்றியிருக்கிறார்கள். திருகுத் துளைகளைச் சுற்றி உலோகம் குழிந்திருப்பதும், எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருப்பதும் அதே கதைதான்.

பெரிய விலை கொடுப்பதானால், வரிசை எண்ணை வைத்துத் தொழிற்சாலை ஆவணக் கடிதம் வாங்குங்கள். கோல்ட்டும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அமைப்பும் கட்டணத்துக்கு இதைத் தருகின்றன. துப்பாக்கி எப்போது, எந்த நீளக் குழலோடு, எந்தப் பூச்சில் வெளியேறியது என்பது பெரும்பாலும் அதில் இருக்கும். நான்கு அங்குல நிக்கல் என்று கடிதம் சொல்லி, கையில் ஆறரை அங்குல நீலம் இருந்தால், குழலும் பூச்சும் பிறகு வந்தவை. அதற்கு ஏற்ற விலையை மட்டும் கொடுங்கள்.